அமெரிக்கத் தண்ணீர்த் தீர்ப்பை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்ணீர் வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொன்னால், மறுநாளே ‘சுற்றுச்சூழலுக்குப் பின்னடைவு’, ‘தொழில்துறைக்கு வெற்றி’ என்று தலைப்புகள் வந்துவிடும். சுத்திகரிப்பு நிலையத்தில் என்ன மாறும் என்பது அவற்றில் இருக்காது. அதை நாமே கண்டுபிடிக்கலாம். உதாரணத்துக்கு, சான் பிரான்சிஸ்கோ நகரம் மத்திய சுற்றுச்சூழல் முகமையான இ.பி.ஏ. மீது தொடுத்த வழக்கை எடுத்துக்கொள்வோம். தீர்ப்பு வந்தது 2025 மார்ச் 4.

படி 1: எந்தச் சட்டம்?

குடிநீர் என்றால் 1974ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம். ஆற்றிலோ கடலிலோ விடும் கழிவுநீர் என்றால் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம். நம் வழக்கு இரண்டாவது வகை.

படி 2: பெர்மிட்டைப் பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் இடம் இது. எனக்கென்னவோ, தீர்ப்பைவிட முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். குழாய் வழியே கழிவுநீரை வெளியேற்ற பெர்மிட் வேண்டும்; அதன் ஆயுள் அதிகபட்சம் 5 ஆண்டு. அதில் சொன்னபடி நடந்துகொண்டால், அந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு வருவதிலிருந்து பெரும்பாலும் பாதுகாப்பு உண்டு.

சான் பிரான்சிஸ்கோவில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில்தான் ஓடுகின்றன. பெருமழை கொட்டினால் குழாய் கொள்ளாது. முழுமையாகச் சுத்திகரிக்காத நீர் பசிபிக் கடலில் போய்ச் சேரும். அங்குள்ள ஓஷன்சைடு நிலையத்தின் 2019 பெர்மிட்டில் வழக்கமான வரம்புகளோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது: கடல்நீரின் தரம் விதித்த அளவுக்குக் கீழே போக இந்த வெளியேற்றம் காரணமாகக் கூடாது. எவ்வளவு குறைத்தால் போதும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும் என்பது நகரத்தின் கேள்வி.

படி 3: தீர்ப்பில் விடையை மட்டும் தேடுங்கள்

நீதிபதி அலிட்டோ எழுதிய தீர்ப்பு; ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் எதிர்ப்பக்கம். இப்படி விளைவை மட்டும் சொல்லி, பொறுப்பை நிலையத்தின் தலையில் கட்டும் நிபந்தனை செல்லாது; என்ன செய்ய வேண்டும் என்பதை இ.பி.ஏ.தான் எழுத வேண்டும். அதே சமயம், கழிவின் அளவுக்கும் செறிவுக்கும் மட்டுமே வரம்பு விதிக்கலாம் என்ற நகரத்தின் பெரிய வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தலைப்புச் செய்திகளில் காணாமல் போவது இந்தப் பாதிதான்.

படி 4: நிலையத்தில் என்ன நடக்கும்?

தீர்ப்பு வந்ததும் எல்லா பெர்மிட்டும் தானாகத் திருத்தப்படுவதில்லை. புதுப்பிக்கும்போதுதான் மாற்றம் தெரியும். பெர்மிட் எழுதுபவர் திட்டவட்டமாக எழுத வேண்டுமானால் நிலையத்திடம் கூடுதல் தகவல் கேட்பார். சோதனை, மாதிரி எடுத்தல், பொறியியல் அறிக்கை எல்லாம் செலவுதான். அதனால் நகரத்துக்கு இதை முழு வெற்றி என்று நான் எண்ணவில்லை.

படி 5: விதி என்றால் தேதியைப் பாருங்கள்

நீதிமன்றத்தை விட்டுவிட்டு விதிகளுக்கு வருவோம். 2024 ஏப்ரலில் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். என்னும் ரசாயனங்களுக்குக் குடிநீரில் லிட்டருக்குத் தலா 4 நானோகிராம் என்று இ.பி.ஏ. வரம்பு வைத்தது, கெடு 2029. அப்புறம் 2025 மே மாதம், கெடுவை 2031 வரை தள்ளப்போவதாக அறிவித்தது. அறிவிப்பு வேறு, விதி வேறு. மத்திய அரசிதழான ‘பெடரல் ரிஜிஸ்டர்’ பக்கத்தில் ‘இறுதி விதி’ என்று வெளியாகும்வரை பழைய தேதியை வைத்தே கணக்குப் போடுங்கள்.