விருது கிடைக்காத படத்துக்காக உருப்படியாகச் சண்டை போடுவது எப்படி

கடலூரில் நாலு பேர் சினிமா பேச உட்கார்ந்தால் ‘ஜெய் பீம்’ வராமல் போகாது. போலீஸ் பிடித்துக்கொண்டு போன ராசாக்கண்ணு திரும்பி வராததும், அவனுக்காக மனைவி நீதிமன்றம் போனதும்தான் படம். உண்மைச் சம்பவம் நடந்தது விருத்தாசலம் பக்கம், முதனை கிராமம், கம்மாபுரம் காவல் நிலையம். நம் மாவட்டத்துக் கதை. 2021ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளை 2023 ஆகஸ்டில் அறிவித்தபோது அந்தப் படத்துக்கு ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து யாராவது ஒருவர் “அநியாயம்” என்று ஆரம்பிப்பதும், எதிரில் இருப்பவர் “சரி, எதுக்குக் கொடுக்கணும் சொல்லு” என்றதும் “பார்த்து அழுதுட்டேன்ப்பா” என்று இவர் அடங்கிப்போவதும் வழக்கமாகிவிட்டது. சீரியல் பார்த்துக்கூடத்தான் அழுகிறோம். இப்படித் தோற்காமல் வாதாட ஒரு முறை இருக்கிறது.

முதலில் எந்த விருதுக்காகப் பேசுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். “ஏதாவது கொடுத்திருக்கலாம்” என்பது வாதமே இல்லை, கெஞ்சல். பெரிய விருது என்றால் சிறந்த திரைப்படம், அதாவது ஸ்வர்ண கமல், தங்கத் தாமரை. அந்த வருஷம் அது ‘ராக்கெட்ரி’க்குப் போனது. உடனே ஒருவர் “அது 2022ல வந்த படமாச்சே, எப்படிக் கொடுத்தாங்க?” என்று துள்ளுவார், அங்கேயே நிறுத்திவிடுங்கள். தேசிய விருதில் தியேட்டருக்கு வந்த தேதி கணக்கில்லை, சென்சார் சான்றிதழ் எந்த வருஷம் வாங்கினார்கள் என்பதுதான் கணக்கு. இந்த விதி தெரியாமல் பேசினால் அடுத்து நீங்கள் சொல்லும் நல்ல பாயிண்டையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அப்புறம் படத்தை மறுபடியும் பாருங்கள். 164 நிமிடம், அமேசான் பிரைமில் இருக்கிறது. அடி உதைக் காட்சிகள் நிறைய, குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த முறை எங்கே அழுகை வருகிறது என்று பார்க்க வேண்டாம், அழ வைப்பதற்கு முன்னால் இயக்குநர் த.செ.ஞானவேல் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று பாருங்கள். தொடக்கத்தில் சிறை வாசலில் விடுதலையாகி வருகிறவர்களை நிறுத்தி என்ன சாதி என்று கேட்டு, சிலரைப் போகவிட்டு, சிலரைத் தனியாக ஒதுக்கி வேறு வழக்குகளுக்குக் கூட்டிப் போவார்கள். யாரும் விளக்கம் சொல்வதில்லை, ஆனால் படம் முழுக்க நடக்கப்போவதற்கு அந்தச் சில நிமிடங்கள்தான் அஸ்திவாரம். இன்னொன்று, வீட்டில் கொண்டுபோய் விடச்சொல்லி மேலிடத்து உத்தரவு வந்த பிறகு ராசாக்கண்ணுவின் மனைவி செங்கேணி ஜீப்பில் ஏறாமல் மகளோடு நடந்தே போவதும், போலீஸ் ஜீப் பின்னாலேயே ஊர்ந்து வருவதும். ஊரே பார்க்கிறது, வசனம் அதிகமில்லை. கர்ப்பிணி ஒருத்தி நடக்கிறாள், அரசாங்க வண்டி அவள் வேகத்துக்குப் போகிறது. என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் கோர்ட் காட்சிகள் இல்லை, இதுதான். “நெஞ்சைத் தொட்டது” என்று பத்து தடவை சொல்வதை விட இந்த ஒரு காட்சியை ஒழுங்காக விவரித்தால் போதும்.

காலகட்டத்தையும் சும்மா விடாதீர்கள். ராஜா, வெள்ளைக்காரன் இருந்தால்தான் பீரியட் படம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் படம் நடக்கும் 1995 இன்னும் கஷ்டம், ஏனென்றால் அதை வாழ்ந்தவர்கள் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து குறை கண்டுபிடிப்பார்கள். அவர்களையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சம்பவம் நடந்த 1993 மார்ச்சில் கடலூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது, தென்னாற்காடுதான்; செப்டம்பர் கடைசியில்தான் பிரித்தார்கள். 1995ல் சென்னைக்கு இன்னும் அதிகாரப்பூர்வமாக அந்தப் பெயர் வரவில்லை, மெட்ராஸ்தான். நம் பக்கம் ஓடிய அரசு பஸ்ஸில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருக்கும். இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, தொண்ணூறுகளில் வேலைக்குப் போய்வந்த ஒரு பெரியவரோடு உட்கார்ந்து படத்தைப் பாருங்கள். அவர் எங்கே “ஆமாம்பா, இப்படித்தான்” என்கிறார், எங்கே முகம் சுளிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சுளித்த இடத்தை மறைக்காதீர்கள்.

உண்மைக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. நிஜத்தில் பாதிக்கப்பட்டது குறவர் குடும்பம், படத்தில் இருளர். நிஜம் 1993, படம் 1995. வழக்கை நடத்திய கே.சந்துரு பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியானவர், படத்திலும் வக்கீலுக்கு அதே பெயர். இந்த மாற்றங்களில் எது கதைக்குத் தேவைப்பட்டது, எது தேவைப்படவில்லை என்று உங்களுக்கு ஒரு கருத்து இருக்க வேண்டும்.

குறைகளும் அப்படித்தான். வக்கீலாக நடித்த சூர்யா வரும் சில இடங்களில் பின்னணி இசை அவரை வேண்டுமென்றே தூக்குகிறது. லாக்கப் காட்சிகளில் கொஞ்சம் வெட்டியிருந்தாலும் வலி குறைந்திருக்காது. எதிராளி சொல்வதற்கு முன்னால் இதை நீங்கள் சொன்னால் அவரிடம் பாதி ஆயுதம் காலி.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஐஎம்டிபி இணையதளத்தில் படத்துக்கு விழுந்த மதிப்பெண்ணை இழுக்காதீர்கள். ரசிகர்கள் குவிந்து ஓட்டுப் போட்டால் எந்தப் படமும் மேலே போகும். “எல்லாம் அரசியல்” என்றும் சொல்லாதீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், உங்கள் கையில் ஆதாரம் இல்லையே. வேண்டுமானால் ஃபிலிம்ஃபேர் தென்னிந்திய விருதில் சிறந்த தமிழ்ப் படம் இதுதான், செங்கேணியாக நடித்த லிஜோமோல் ஜோஸ்தான் சிறந்த நடிகை என்பதைச் சொல்லலாம், அதுவும் போகிற போக்கில்.

உண்மையான வேலை இனிமேல்தான். ஜெயித்த படத்தையும் முழுதாகப் பார்க்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. ‘ராக்கெட்ரி’யும் தொண்ணூறுகளில் போலீஸ் பிடித்துக்கொண்டு போன ஒரு மனிதரின் கதைதான். 1994ல் கைதான நம்பி நாராயணன், பொய் வழக்கு, காவலில் சித்திரவதை, பிறகு நீதிமன்றம். 2018ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆக இரண்டு படமும் ஏறக்குறைய ஒரே காலத்து ஒரே கொடுமையைப் பேசுகின்றன. ஒன்றில் நாடே அறிந்த விஞ்ஞானி, உயிரோடு வந்து தன் பக்கத்தைத் தானே சொல்ல முடிந்தவர். மற்றதில் செங்கல் சூளைக்கும் வயலுக்கும் போன ராசாக்கண்ணு, திரும்பி வரவே இல்லை, அவனுக்காக மனைவி கேட்க வேண்டியிருந்தது. விஞ்ஞானியின் பெருமையைச் சொல்லிப் பரிதாபம் வரவைக்கலாம், அது சுலபம். பெயருக்குப் பின்னால் ஒரு பட்டமும் இல்லாதவனுக்காக அதே கோபத்தை வரவைப்பது கடினமான வேலை, அதைச் செய்த படத்துக்குத்தான் தங்கத் தாமரை போயிருக்க வேண்டும். என் வாதம் இதுதான், உங்களுடையது வேறாக இருக்கலாம், ஆனால் இப்படி இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

கடைசியில் எப்படியும் ஒருவர் சமாதானத்துக்கு வருவார்: “அந்த வருஷம் சிறந்த நடிகை விருதை ஆலியா பட்டுக்கும் கிருத்தி சனோனுக்கும் பிரிச்சுத்தானே கொடுத்தாங்க, இதையும் அப்படிக் கொடுத்திருக்கலாம்.” ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘கடைசி விவசாயி’ சிறந்த தமிழ்ப் படமானதில் உங்களுக்கு மறுப்பில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் மேலே ஒரு இடம்தான், அதில் ‘ராக்கெட்ரி’யை எடுத்துவிட்டு இதை வைப்பேன் என்று நேராகச் சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுங்கள்.