மேல்தாடை நீர்க்கட்டி: வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்

மேலூர், உசிலம்பட்டி பக்கமிருந்து வருகிறவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "வலியே இல்லை டாக்டர், வீங்கித்தான் இருக்கு." அந்த வலியில்லாமைதான் ஏமாற்றுகிறது. நீர்க்கட்டி எலும்புக்குள் மெதுவாக வளரும். சீழ் பிடிக்கும்வரை பெரும்பாலும் வலிக்காது. மஞ்சள் சுண்ணாம்புப் பத்துப் போட்டு, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினால் வீக்கம் வடியலாம். கட்டியின் உறை அப்படியே இருக்கும், மறுபடி வீங்கும். சித்திரைத் திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. அதற்குள் எலும்பு இன்னும் கரைந்துவிடும்.

முன்பல்லில் எப்போதாவது அடிபட்டதா என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூட வயதில் கபடி விளையாடி விழுந்திருக்கலாம். பல் உடையாவிட்டாலும் உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கலாம். பல் நிறம் மங்கியிருந்தால் அது ஓர் அடையாளம். தாடையில் வரும் நீர்க்கட்டிகளில் அதிகம் காணப்படுவது இப்படிச் செத்த பல்லின் வேர்நுனியில் உண்டாவதுதான். பழைய அடி எத்தனை வருடமானாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பல் மருத்துவர்களான எங்கள் பக்கத் தவறையும் சொல்லியாக வேண்டும். எக்ஸ்ரேயில் கருவட்டம் தெரிந்ததும் ரூட் கேனால், அதாவது பல்லின் வேரைக் குடைந்து சுத்தம்செய்து அடைக்கும் சிகிச்சை, தொடங்கிவிடக் கூடாது. முன்பற்களுக்குப் பின்னே அண்ணத்தில் வரும் ஒருவகைக் கட்டிக்கும் பல்லுக்கும் சம்பந்தமே கிடையாது. பல்லில் குளிர் வைத்துப் பார்த்தாலே உயிர் இருப்பது தெரியும். அதைச் செய்யாமல் குடைந்தால் நல்ல பல் வீணாகும், கட்டி அங்கேயே இருக்கும். பெரிய கட்டி மேல்தாடைக்கு மேலே இருக்கும் சைனஸ் என்ற காற்றறைக்குள்ளும் தள்ளிக்கொண்டு போகும்; அப்போது தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்தால்தான் எல்லை சரியாகத் தெரியும்.

சிறிய கட்டியை உறையோடு முழுதாக எடுத்துவிடலாம். மிகப் பெரியதென்றால் முதலில் வாய்ப்பக்கம் திறந்துவிட்டுச் சுருங்க வைப்பதுண்டு. எப்படிச் செய்தாலும் எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு, அதாவது நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பாமல் விடாதீர்கள். செலவு மிச்சம் என்று நினைக்காதீர்கள். பார்வைக்கு நீர்க்கட்டி போலவே இருக்கும் தாடைக் கட்டிகள் வேறு உண்டு. சில வகை திரும்பத் திரும்ப வரும். செலவுக்கு வழியில்லை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது.

சைனஸை ஒட்டி அறுவை நடந்திருந்தால் இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். அப்புறம், தையல் பிரித்ததோடு வராமல் இருந்துவிடாதீர்கள். ஆறு மாதத்தில் ஓர் எக்ஸ்ரே, பிறகு வருடாவருடம்.