நேச்சுரல் பிரிட்ஜ்: பாலத்தின் மேல் நின்றுகொண்டே பாலத்தைத் தேடாதீர்கள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இயற்கையாக உண்டான கல் பாலமான நேச்சுரல் பிரிட்ஜுக்குக் காரில் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, பாலத்தைக் கடந்துவிட்டு “எங்கேப்பா அந்தப் பாலம்?” என்று கேட்பது. யூ.எஸ். 11 நெடுஞ்சாலை போவதே அந்தக் கல் வளைவின் முதுகு மேல்தான். இரண்டு பக்கமும் வேலியும் மரங்களும் மறைத்திருப்பதால் வண்டியில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. 215 அடிக்குக் கீழே சீடர் கிரீக் என்ற ஓடை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் மேப்பில் வெறுமனே ‘நேச்சுரல் பிரிட்ஜ்’ என்று போடாதீர்கள். கென்டக்கியில் அதே பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது, யூட்டாவில் ‘நேச்சுரல் பிரிட்ஜஸ்’ என்று பன்மையில் ஒன்று, பக்கத்திலேயே நேச்சுரல் பிரிட்ஜ் ஸ்டேஷன் என்று ஒரு ஊர் வேறு. ‘நேச்சுரல் பிரிட்ஜ் ஸ்டேட் பார்க், வர்ஜீனியா’ என்று முழுசாகத் தேடி, விசிட்டர் சென்டருக்கு வழி போடுங்கள். இன்னொன்று, இந்த மாநிலத்தின் மற்ற ஸ்டேட் பார்க்குகளில் பெரும்பாலும் காருக்குத்தான் கட்டணம், இங்கே தலைக்கு. ஒரு வேன் நிறையக் கிளம்புகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

சாலையோரம் நிறுத்தி, வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தால் போதுமே என்று நினைக்க வேண்டாம். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1774இல், அதாவது அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், இந்தப் பாலத்தோடு 157 ஏக்கரை பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜிடமிருந்து 20 ஷில்லிங்குக்கு வாங்கினார். இடத்துக்குச் சொந்தக்காரர்தான், ஆனாலும் விளிம்புக்குப் போனால் தன்னையறியாமல் கையையும் காலையும் ஊன்றித் தவழத்தான் வேண்டியிருக்கிறது, ஒரு நிமிஷம் கீழே பார்த்ததில் கடும் தலைவலி வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். அடியிலிருந்து அண்ணாந்து பார்த்ததைப் பற்றி எழுதும்போதோ அவருக்குப் பரவசம். அவர் சொன்னது இன்றைக்கும் சரி. இது கீழே நின்று பார்க்க வேண்டிய பாலம்.

கீழே போக 137 படிகள். இறங்கும்போது யாரும் எண்ணுவதில்லை, ஏறும்போதுதான் தெரியும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள் என்று அழைத்துப் போகிறவர்கள் பலர். முழங்கால் வலிக்காரர்களைப் படிக்கட்டு வரை கூட்டிவந்து விழிக்காமல், ஷட்டில் வண்டி அன்றைக்கு ஓடுகிறதா என்று முன்னதாகவே போன் செய்து கேட்டுவிடுங்கள். செருப்போடு இறங்குவதும் வேண்டாத வேலை. ஓடையோரத்துச் சுண்ணாம்புக்கல் நனைந்தால் வழுக்கும். பெருமழைக்குப் பிறகும் பனிக்காலத்திலும் பாதையை மூடிவிடுவதுண்டு, கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டால் வீண் அலைச்சல் இல்லை.

என் கணக்கில் பெரிய தவறு இதற்கு அப்புறம்தான் நடக்கிறது. படி இறங்கி, வளைவுக்கு அடியில் நின்று, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். பார்த்தது என்னவென்று புரியாமலே பார்த்த கதை அது. இவ்வளவு பெரிய கல்லை இத்தனூண்டு ஓடை எப்படிக் குடைந்தது என்ற கேள்விக்கு வளைவுக்கடியில் பதில் கிடைக்காது. இந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி, கல் வெடிப்புகளில் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அப்படி உள்ளுக்குள் குகைகளும் சுரங்க வழிகளும் உண்டாகின்றன. ஓடை ஒரு காலத்தில் அப்படியொரு வழியாகத்தான் ஓடியது. நாளடைவில் அதன் கூரை இடிந்து விழுந்தது, விழாமல் தப்பிய ஒரு துண்டுதான் பாலம். உச்சியில் அந்தத் துண்டின் கனம் சுமார் 40 அடி, கீழே இரண்டு சுவர்களுக்கும் நடுவே வளைவின் இடைவெளி சுமார் 90 அடி.

சரி, இதைக் கண்ணால் பார்க்க ஓடையை ஒட்டி மேலே நடக்க வேண்டும். போகிற வழியில் இந்த மண்ணின் மூத்த குடிகளான மொனாகன் மக்களின் வாழ்க்கையைக் காட்டும் இடம் வரும். அதைத் தாண்டி சால்ட்பீட்டர் குகை: வெடிமருந்துக்கான வெடியுப்பை முன்பு இங்கே தோண்டினார்கள். அதற்கப்புறம் ‘லாஸ்ட் ரிவர்’. பாறையில் ஒரு சின்னத் திறப்புதான், பலர் நிற்காமல் போய்விடுவார்கள். குனிந்து பாருங்கள், உள்ளே நீர் ஓடுவது தெரியும், சத்தமும் கேட்கும். பாலம் உண்டான அதே வேலை இங்கே தரைக்கடியில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பாதையின் முடிவில் லேஸ் அருவி, சுமார் 30 அடி. குற்றாலத்தை நினைத்துக்கொண்டு துண்டோடு போகாதீர்கள், தள்ளி நின்று பார்க்கிற அருவி. விசிட்டர் சென்டரிலிருந்து அருவி வரை ஒரு மைல் சொச்சம்தான். போய்வர இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் நிதானமாக நடக்கலாம், பிள்ளைகளுக்கும் அலுக்காது.

வளைவின் சுவரில் ‘ஜி.டபிள்யூ.’ என்ற எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள். நில அளவைக்கு வந்த இளைஞர் ஜார்ஜ் வாஷிங்டன் ஏறிச் செதுக்கியது என்பது வழிவழியாக வரும் கதை. அதைப் பார்த்ததும் சாவியை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, நம்மவர்களும் விலக்கில்லை. அவருக்கு அன்றைக்கு யாரும் அபராதம் போடவில்லை, உங்களுக்குப் போடுவார்கள். இது 1998 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம், 2016 முதல் மாநிலப் பூங்கா. ட்ரோன் பறக்கவிடவும் அனுமதி கிடையாது, காரிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள்.

போட்டோவுக்கு ஒரு வார்த்தை. உச்சி வெயிலில் பாலத்துக்குப் பின்னால் வானம் வெளுத்துப்போகும், அடிப்பக்கம் கறுத்துவிடும். காலையிலோ மேகமூட்டமான நாளிலோ நன்றாக வரும். ஆளைப் பக்கத்தில் நிறுத்தி முகத்தைப் பெரிதாக எடுத்தால் பாலத்தின் உயரமே தெரியாது. வளைவுக்கடியில் போய் நிற்கச் சொல்லிவிட்டு நீங்கள் தள்ளி வந்து எடுங்கள்.

கடைசியாக, பக்கத்தில் உள்ள ‘கேவர்ன்ஸ்’ குகை இந்தப் பூங்காவைச் சேர்ந்ததல்ல. பாலத்துக்கு வாங்கிய டிக்கெட்டைக் காட்டி உள்ளே போக முடியாது, அதற்கு டிக்கெட் தனி, நேரமும் தனி. கோடையிலும் உள்ளே குளிரும் என்பதால் ஆகஸ்டில் போனாலும் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்வெட்டரைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள்.