அமெரிக்கா ஸ்பவுஸ் விசா இன்டர்வியூ: நம்ம கடற்கரைப் பக்கம் பேப்பர்ல பண்ற தப்புகள்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, தங்கச்சிமடம்னு நம்ம ராமநாதபுரம் பக்கம் வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கிறது புதுசு இல்ல. ஆனா சவுதிக்கும் துபாய்க்கும் ஃபேமிலி விசா எடுத்த பழக்கத்துலயே அமெரிக்காவுக்கும் பேப்பர் சேர்க்கிறாங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிறாங்க. அமெரிக்கால இருக்கிறவர் போட்ட பெட்டிஷன் அப்ரூவ் ஆயிருச்சு, பேப்பரைச் சரிபார்க்கிற நேஷனல் விசா சென்டரும் (என்விசி) ஓகே சொல்லிருச்சு, இனி மும்பை அமெரிக்க கான்சுலேட் போயி கைநாட்டு வச்சுட்டு வர வேண்டியதுதான்னு நெனைக்காதீங்க, இன்டர்வியூ எடுக்கிற ஆபீசர் எல்லாத்தையும் புதுசா பார்ப்பாரு, ஆன்லைன்ல ஏத்துன ஒவ்வொண்ணுக்கும் ஒரிஜினல் உங்க கைல இருக்கணும்.

முதல் சிக்கல் பேரு. பாஸ்போர்ட்ல முகமது, ஸ்கூல் சர்ட்டிஃபிகேட்ல முஹம்மது, நிக்காஹ் தப்தர்ல (ஜமாஅத் பதிவேடு) எம்.எஸ்.னு வெறும் இனிஷியல். பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒரு பேப்பர்ல பீவி சேர்ந்திருக்கும், இன்னொண்ணுல இருக்காது. சர்ச்சுல ஞானஸ்நானப் பேரு ஒண்ணு, பள்ளிக்கூடத்துப் பேரு வேற. நமக்கு இது ஒரே ஆளுன்னு தெரியும், ஆபீசருக்கு எப்படித் தெரியும்? ஆன்லைன்ல நிரப்புற விசா அப்ளிகேஷனான டிஎஸ்-260 ஃபார்ம்ல வேற பேரு பயன்படுத்தியிருக்கீங்களான்னு கேட்கிற இடத்துல எல்லாத்தையும் எழுதுங்க, இல்லைன்னு டிக் பண்ணிட்டுப் போகாதீங்க. அதோட பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருந்தா விசாவுல உங்க பேரு சர்நேமாப் போயி, பேரு இருக்க வேண்டிய இடத்துல எஃப்.என்.யூ.-ன்னு (முதல் பேரு தெரியலன்னு அர்த்தம்) அடிச்சிருவாங்க, அப்புறம் கிரீன் கார்டு லைசென்ஸ்னு எங்க போனாலும் அதைச் சுமக்கணும். பெட்டிஷன் போடுறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்டைச் சரி பண்ணிருங்க.

பிறப்புச் சான்றிதழ்ல குழந்தை பேரே இல்லாம "ஆண்", "பெண்"னு மட்டும் இருக்கிறது நம்ம ஊர்ல சகஜம். பிறப்பைப் பதிஞ்ச ஆபீஸ்ல போயி பேரைச் சேர்த்து புது சர்ட்டிஃபிகேட் வாங்குங்க. வீட்டுல பொறந்து பதியாமலே விட்டவங்க ஆதாரும் வோட்டர் ஐடியும் போதும்னு போறாங்க, போதாது. 1970 ஏப்ரல் 1-க்கு அப்புறம் பொறந்திருந்தா பிறப்புச் சான்று கேட்பாங்க, பதிவே இல்லைன்னா பதிவு இல்லைங்கிறதுக்கு ஒரு சர்ட்டிஃபிகேட், அதுகூட பள்ளிக்கூடச் சான்று, அத்தா அம்மாவோட அஃபிடவிட்.

கல்யாணத்துக்கு ஜமாஅத் தப்தர் காப்பியோ சர்ச் சர்ட்டிஃபிகேட்டோ மட்டும் வச்சுக்கிட்டு நிக்காதீங்க, சார்பதிவாளர் ஆபீஸ்லயும் பதிஞ்சிருங்க. 2009 சட்டப்படி தமிழ்நாட்டுல எந்த மதமா இருந்தாலும் 90 நாளைக்குள்ள பதியணும், தாண்டிட்டா லேட் ஃபீஸோட இன்னும் 60 நாள். தமிழ்ல இருக்கிற பேப்பருக்கு இங்கிலீஷ் டிரான்ஸ்லேஷன் வேணும், டிரான்ஸ்லேட் பண்ணவர் இது சரியானதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கணும். இதைவிடப் பெரிய விஷயம் ஃபோன்ல வீடியோ கால்ல நடந்த நிக்காஹ். மாப்பிள்ளை டெக்சாஸ்ல, பொண்ணு கீழக்கரையில இருந்துக்கிட்டு நடந்ததுன்னா மார்க்கத்துல செல்லுமாங்கிறது தனிப் பேச்சு, அமெரிக்க குடியேற்றச் சட்டத்துல அதுக்கப்புறம் ரெண்டு பேரும் நேர்ல சந்திச்சு கணவன் மனைவியா வாழ்ந்திருந்தாத்தான் அது கல்யாணம். அதனால மாப்பிள்ளை ஊருக்கு வந்துட்டுப் போன பாஸ்போர்ட் முத்திரை, டிக்கெட், ஒண்ணா தங்குனதுக்கு ஆதாரம் எல்லாம் கட்டாயம். முதல் கல்யாணம் ஏற்கனவே முடிஞ்சவங்க ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி நோட்டரி வாங்குன விடுதலைப் பத்திரத்தை நம்பிப் போகாதீங்க, அது டைவர்ஸ் ஆர்டர் இல்ல.

பிசிசி-யை, அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சர்ட்டிஃபிகேட்டை, போலீஸ் வெப்சைட்ல எடுத்துட்டு வர்றவங்க நெறைய. விசாவுக்கு வேண்டியது பாஸ்போர்ட் ஆபீஸ் கொடுக்கிறது, நமக்கு அது மதுரை, ஃபீஸ் 500 ரூபா. 16 வயசுக்கு மேல வேற நாட்டுல ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ இருந்திருந்தா அந்த நாட்டு சர்ட்டிஃபிகேட்டும் கேட்பாங்க, துபாய்ல வேலை பார்த்து பத்து வருஷம் ஆச்சேன்னு விட்டுறாதீங்க.

இன்னொண்ணு, இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் கடலுக்குப் போன பசங்க இலங்கை நேவிகிட்ட பிடிபட்டு ஊர்காவற்றுறை கோர்ட்லயோ மன்னார் கோர்ட்லயோ நிறுத்தி சிறையில இருந்துட்டு வந்திருக்காங்க. இப்ப அதுல ஒருத்தனுக்கு அமெரிக்கால நர்ஸா இருக்கிற பொண்ணோட கல்யாணம் ஆயிருக்குன்னு வச்சுக்கங்க. ஃபார்ம்ல எப்பவாவது கைது ஆகியிருக்கீங்களா, மன்னிப்பு கிடைச்சிருந்தாலும் சொல்லுங்கன்னு கேட்கும். அது குத்தமா, எல்லை தெரியாமப் போனதுதானேன்னு இல்லைன்னு போட்டுருவாங்க. மீன் பிடிக்கப் போயி பிடிபட்டதை விளக்கிரலாம், மறைச்சது தெரிஞ்சா பொய் சொன்னதுங்கிற காரணத்துக்கே ஆயுசுக்கும் விசா கிடைக்காமப் போகலாம். ஆமான்னு போடுங்க, அந்த கோர்ட் ஆர்டர் காப்பியை வாங்கி டிரான்ஸ்லேட் பண்ணி வைங்க.

பட்டா, சிட்டா, படகு ஆர்சி, மாமனார் பேங்க் பாஸ்புக்னு ஒரு பை நெறைய தூக்கிட்டுப் போறது வேண்டாத வேலை. திரும்பி வந்துருவோம்னு காட்டுறதுக்கு டூரிஸ்ட் விசாக்காரங்க காட்டுறது அது, நீங்க குடியேறப் போறீங்க. இங்க பார்க்கிறது அங்க இருக்கிறவரோட ஐ-864, அதாவது உங்களைப் பார்த்துக்கிறேன்னு அவர் கையெழுத்துப் போடுற ஸ்பான்சர் ஃபார்ம், அவர் வருமானம் அமெரிக்க வறுமைக் கோட்டுல 125 சதவீதமாவது இருக்கணும். ஆடிட்டர் அடிச்சுக் கொடுத்த ரிட்டர்ன் காப்பியை விட அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் கொடுக்கிற டிரான்ஸ்கிரிப்ட் நல்லது. வருமானம் பத்தலைன்னா அமெரிக்காலயே இருக்கிற சிட்டிசனோ கிரீன் கார்டுக்காரரோ ஜாயின்ட் ஸ்பான்சரா கையெழுத்துப் போடலாம், துபாய்ல இருக்கிற மச்சான் போட முடியாது.

ஃபோட்டோவுக்கு அந்தப் பெரிய கல்யாண ஆல்பம் வேண்டாம். மேடையில வரிசையா நின்னு எடுத்த 300 படத்தை விட, ரெண்டு குடும்பமும் இருக்கிற, வேற வேற தேதியில எடுத்த 20 படம் மேல். கீழக்கரைக்காரங்களுக்கு ஒரு கேள்வி வரலாம், கல்யாணம் ஆகியும் ஏன் அம்மா வீட்டுலயே இருக்கீங்கன்னு. பொண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை அங்க வந்து இருக்கிறதுதான் எங்க ஊர் வழக்கம்னு நேராச் சொல்லுங்க, தடுமாறினாத்தான் சந்தேகம் வரும்.

மெடிக்கலை கடைசி வாரத்துக்கு வைக்காதீங்க. நெஞ்சு எக்ஸ்ரேயில டிபி சந்தேகம் வந்தா சளி கல்ச்சர் ரிசல்ட்டுக்கே ரெண்டு மாசம் ஆகும். ஆஸ்பத்திரியில சீல் வச்சு கவர் கொடுத்தா பிரிக்காதீங்க.

இவ்வளவுக்கும் மேல ஏதாவது குறைஞ்சா 221(ஜி)-ன்னு ஒரு சீட்டு கொடுப்பாங்க. சிலர் அதைப் பார்த்துட்டு விசா போச்சுன்னு அழுதுட்டு வந்து அலமாரியில வச்சுருவாங்க. அதுல என்ன பேப்பர், எப்படி அனுப்பணும்னு எழுதியிருக்கும், அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து படிச்சு கேட்டதை மட்டும் சேர்த்து அனுப்புங்க, ஒரு வருஷத்துக்குள்ள போகலைன்னா திரும்ப அப்ளை பண்ணி ஃபீஸும் மறுபடி கட்ட வேண்டியதாயிரும்.