கப்பலில் கடைசி நாள்: முதன்முறை போகும் அம்மா அப்பாமாருக்கு

கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அன்ரி, லண்டனில் உள்ள மகளோடு குயின் மேரி 2 கப்பலில் நியூயோர்க் போகப் போகிறா. "கடைசி நாள் என்ன செய்ய வேணும் தம்பி?" என்று கேட்டா. நானும் அம்மாவும் அக்காவோடு அதே வழியில் போய் வந்தவர்கள். அதனால் எழுதுகிறேன்.

சவுத்தாம்ப்டனில் இருந்து நியூயோர்க்குக்கு வழக்கமாக 7 இரவுகள். கடைசி நாள் வேலை, இறங்கும் காலையில் இல்லை, அதற்கு முதல் நாள் மத்தியானமே தொடங்குகிறது.

முதலில் கணக்கு. கப்பலுக்குள் யாரும் காசு கொடுப்பதில்லை. எல்லாம் அறை அட்டையில் ஏறும், டிப்ஸ் உட்பட. பின்னேரமே வரவேற்பு மேசையில் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கி, வரி வரியாகப் பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே சொல்லுங்கள். காலையில் அங்கே நீண்ட வரிசை நிற்கும்.

அடுத்தது சூட்கேஸ். இதில்தான் கவனம் வேண்டும். நிறமோ எண்ணோ போட்ட பட்டிகளை அறைக்குக் கொண்டுவந்து தருவார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றைக் கட்டி, தாளில் குறித்த நேரத்துக்குள் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். இரவோடு இரவாக எடுத்துப் போய்விடுவார்கள். பிறகு கரையில் இறங்கித்தான் அதைக் காணலாம்.

அம்மாவின் பிரஷர் குளிசையை நான் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டேன். காலைக் குளிசை பதினொரு மணிக்குத்தான் கிடைத்தது. அதுவரை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே கைப்பைக்குள் கட்டாயம் இருக்க வேண்டியவை: பாஸ்போட், குளிசைகள், மூக்குக்கண்ணாடி, நகை, சார்ஜர், மறுநாள் உடுக்கும் சாறியும் செருப்பும், ஒரு கம்பளிச் சட்டை. உடுப்பை மறந்து எல்லாவற்றையும் பெட்டிக்குள் பூட்டிவிடுபவர்களும் உண்டு. பெட்டியை வெளியே வைக்குமுன், நாளை உடுக்கப் போவதைக் கட்டிலில் எடுத்து வையுங்கள்.

சாப்பாட்டுச் சாமான் பற்றியும் ஒரு சொல். மேசையில் எடுத்த பழத்தையோ இறைச்சியையோ கரைக்குக் கொண்டு போக வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த புழுக்கொடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள் இருந்தால் அமெரிக்கச் சுங்கத்தில் கேட்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் நேரம். மேற்கே போவதால் வழியில் கடிகாரத்தை ஐந்து மணித்தியாலம் பின்னுக்கு வைத்திருப்பார்கள். போனை நம்பாமல் கப்பலின் நேரத்தைப் பார்த்து அலாரம் வையுங்கள்.

இவ்வளவையும் இரவே முடிக்கச் சொல்வது விடியற்காலைக்காகத்தான். நியூயோர்க் துறைமுக வாசலில் இருக்கும் வெரசானோ பாலத்துக்குக் கீழே கப்பல் எத்தனை மணிக்குப் போகும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் இருட்டோடுதான். மேல்தட்டில் நின்று அண்ணாந்து பாருங்கள். புகைபோக்கி இடித்துவிடும் என்றே தோன்றும், சில மீற்றர்தான் இடைவெளி. அந்தப் பாலத்துக்கு ஏற்றபடிதான் புகைபோக்கியின் உயரத்தையே வைத்தார்கள். பிறகு இடப்பக்கம் போய் நில்லுங்கள், சுதந்திரதேவி சிலை தெரியும். முல்லைத்தீவுக் கரையில் பிறந்த என் அம்மா, கடல் பக்கமே வர மாட்டேன் என்று பல வருடம் இருந்தவ. அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அசையவில்லை.

கப்பல் புரூக்ளினில் ரெட் ஹுக் துறையில் கட்டும். சாப்பிட்டுவிட்டு, அறைப் பெட்டகத்தையும் குளியலறையையும் ஒருமுறை பார்த்து, அறையைப் பார்த்துக்கொண்டவருக்கு நன்றி சொல்லி வெளிக்கிடுங்கள். உங்கள் பட்டியின் நிறத்தையோ எண்ணையோ கூப்பிட்ட பிறகு இறங்கினால் போதும், அவசரப்பட வேண்டாம்.

நடுக்கடலில் கப்பலின் இணைப்பில் போன் கதைத்தால் காசு கரையும். துறைமுகத்துக்குள் வந்த பிறகு எடுங்கள். கோடைகாலத்தில் அங்கே காலை 6 மணி என்றால் கிளிநொச்சியில் பின்னேரம் 3.30. வீட்டில் எல்லாரும் முழித்துத்தான் இருப்பார்கள்.