பழைய ஏர்கானை மாற்றப் போகிறீர்களா? முதல் தடவை செய்பவர்களுக்கு

பத்து வருஷ ஏர்கான் சுவரில் தண்ணீர் வடிக்கிறது. சர்வீஸ் செய்ய வந்தவரே, "இதுக்கு மேல காசு போடாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டார். சரி, மாற்றிவிடலாம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீடு, ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைகளுக்கு இரண்டு என சிஸ்டம் 3, அதாவது வெளியே ஒரே கம்ப்ரசர் பெட்டி, உள்ளே மூன்று ஏர்கான், வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஸ்பேனரை நீங்கள் தொட வேண்டாம். வீவக வீட்டில் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்றவர்தான் பொருத்த வேண்டும். உங்கள் வேலை கேட்பதும் பக்கத்தில் நின்று பார்ப்பதும்.

படி 1: அளவு

அறையின் சதுர அடியை 65-ஆல் பெருக்குங்கள். 120 சதுர அடி அறைக்கு 7,800 வரும். இது பிடியு (BTU), குளிரூட்டும் திறனின் அளவு. 9,000 பிடியு போதும். மேற்கு வெயில் அடிக்கும் அறை என்றால் ஒரு சுற்றுப் பெரிதாகப் பாருங்கள். உள்ளே ஓடும் குளிரூட்டும் கேஸ் ஆர்32 ஆக இருக்கட்டும். அதன் புவி வெப்பமாக்கும் அளவு (குறைவாக இருந்தால் நல்லது) 675, பழைய ஆர்410ஏ-வுக்கு 2,088.

படி 2: கொட்டேஷன்

எல்லாரும் பிராண்டையும், மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் டிக் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். காசு வீணாவது குழாயில்தான். செப்புக் குழாய் எத்தனை கேஜ் என்று கேளுங்கள். எண் குறையக் குறையத் தடிமன் கூடும், அதனால் 24-ஐவிட 22 நல்லது. குழாயைச் சுற்றும் கறுப்பு உறை அரை அங்குலம் இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வியர்த்து, டிரங்கிங் (குழாய்களை மூடும் பெட்டி) வழியாகச் சொட்டும். ஏர்கானிலிருந்து தண்ணீர் வடியும் குழாய்க்கும் உறை உண்டா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "பழைய குழாயையே வச்சுக்கலாம், மலிவா முடியும்" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்து வருஷ உறையைக் கிள்ளிப் பாருங்கள், பொடியாக உதிரும்.

படி 3: பொருத்தும் நாள்

பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடக் கூடாது, வெளியே இருக்கும் கம்ப்ரசர் பெட்டிக்குள் இழுத்து அடைக்க வேண்டும். புதுக் குழாய் இணைத்ததும் வேக்குவம் பம்ப் ஓட வேண்டும். உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் போகாவிட்டால் கம்ப்ரசர் சீக்கிரம் கெடும். அவசரக்காரர்கள் இதில்தான் நேரத்தை மிச்சம் பிடிப்பார்கள். டீ போட்டுக் கொடுங்கள், ஆனால் அரை மணி நேரமாவது ஓடட்டும். பம்பை நிறுத்திய பிறகும் மீட்டர் முள் ஏறாமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏறினால் எங்கோ கசிவு.

படி 4: தண்ணீர்ச் சோதனை

டிரங்கிங் மூடியைப் போடுவதற்கு முன், ஒவ்வோர் அறையிலும் ஏர்கானுக்குள் தண்ணீர் சேரும் தட்டில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். அது தண்ணீர்க் குழாயின் மறுமுனையில் தடங்கலில்லாமல் வந்து விழ வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் குழாயின் சரிவு சரியில்லை; அப்போதே கழற்றிச் சரிசெய்ய வையுங்கள்.

அப்புறம், பழைய ஏர்கானைக் கரங்குனிக்காரரிடம் (பழைய சாமான் வாங்குபவரிடம்) கொடுக்க வேண்டியதில்லை. 2021-லிருந்து, புதியதைக் கொண்டுவரும் கடைக்காரர் பழையதை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும். வாங்கும்போதே கேட்டு, ரசீதில் எழுத வையுங்கள்.