நாள்பட்ட இடுப்பு வலியா? வேலையைக் கடிகாரத்திடம் கொடுங்கள்

வலி குறைவாக இருக்கும் நாளில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம். காலையில் எழும்போதே இடுப்பு லேசாக இருக்கும், அப்பாடா என்று இருக்கும், உடனே ஒரு வாரமாகத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் ஞாபகத்துக்கு வரும். ஒட்டடை அடித்து, போர்வைகளை ஊறவைத்துத் துவைத்து, பரணில் கிடந்த பாத்திரங்களை இறக்கிக் கழுவி, சாயங்காலம் வாளியைத் தூக்கக் குனிந்தால் சுருக்கென்று பிடிக்கும். அப்புறம் மூன்று நாள் படுக்கை. நாலாம் நாள் தேவலையாகும், மறுபடி அதே கதை. நான் தையல் வேலை செய்கிறவள். ஒன்பது வருட வலியில் முதல் நாலு வருடம் இந்தச் சுற்றிலேயே போய்விட்டது. அந்தச் சுற்றிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது, வலி வரும்வரை காத்திராமல் கடிகாரம் பார்த்து வேலையை நிறுத்துகிற முறை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. இந்த முறை அப்படிப்பட்டவர்களுக்கு, அதுவும் ஒரு மருத்துவர் பார்த்துப் பெரிய கோளாறு இல்லை என்று சொன்ன பிறகுதான். சிறுநீரை அடக்க முடியாமல் போவது அல்லது வராமல் நின்றுவிடுவது, மலம் கழிவது தெரியாமல் போவது, வண்டி சீட்டில் படுகிற இடம் முழுக்க மரத்துப்போவது, கால் வலுவிழந்து செருப்பு நழுவுவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாயங்காலமானால் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது இரண்டும் வலியோடு சேர்ந்து இருந்தால் முதுகெலும்பில் காசநோயா என்று பார்க்க வேண்டும், நம் ஊரில் அது இருக்கிற நோய். முன்பு புற்றுநோய் வந்தவர்கள், கீழே விழுந்து வலி தொடங்கியவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களும் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது ஸ்கேன் ரிப்போர்ட். எனக்கு "எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், தேய்மானம்" என்று எழுதிக் கொடுத்தார்கள், அதாவது இடுப்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் தேய்ந்து, லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு இரண்டு வருடம் நான் குனியவே பயந்தேன், தண்ணீர்க் குடத்தைத் தொட்டதில்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பார்த்திருக்கிறார்கள். வலி எதுவும் இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதம் பேருக்கு பல்ஜ். 80 வயதில் பார்த்தால் தேய்மானம் 96 சதவீதம், பல்ஜ் 84 சதவீதம். தலை நரைக்கிற மாதிரி உள்ளே நடக்கிற மாற்றம் அது, பெரும்பாலும். இதை யாராவது அன்றைக்கே எனக்குச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு வருடம் எனக்கு மிஞ்சியிருக்கும்.

அப்படியானால் ஏன் வலிக்கிறது? வலி நிஜம்தான், கற்பனை இல்லை. தையல் மிஷினில் டென்ஷன் திருகை அளவுக்கு மேல் முறுக்கிவிட்டால், துணி நன்றாக இருக்கும், நூலும் நல்ல நூல்தான், ஆனால் லேசாக இழுத்தாலே அறுந்துகொண்டே இருக்கும். நெடுநாள் வலியில் நரம்பு மண்டலம் அப்படித்தான் முறுக்கேறி நிற்கிறது, சின்ன அசைவுக்கும் பெரிய எச்சரிக்கை அனுப்புகிறது. வலிச் செய்தி மூளைக்கு அப்படியே போவதில்லை, தண்டுவடத்திலேயே அது கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965-லேயே விளக்கினார்கள். தூக்கம், பயம், கவலை எல்லாமே அந்தத் திருகைத் தொடுகிறவை. திருகைத் தளர்த்துவதுதான் நம் வேலை, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய முடியும்.

சரி, எப்படித் தொடங்குவது? ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: உட்காருவது, நிற்பது, நடப்பது. மூன்று நாள், நல்ல நாளோ கெட்ட நாளோ, வலி ஏறத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று எழுதுங்கள். வலி தாங்க முடியாமல் போகும் நேரத்தை எழுதக்கூடாது, ஏறத் தொடங்கும் நேரத்தைத்தான் எழுத வேண்டும். எனக்கு மிஷினில் உட்காருவது 20, 30, 25 என்று வந்தது. சராசரி 25. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 20 நிமிடம். அதுதான் என் தொடக்க அளவு.

இனிமேல் அந்த 20 நிமிடம்தான் சட்டம். போனில் மணி வைத்தேன். மணி அடித்தால் எழ வேண்டும், பிளவுஸில் பாதி கை ஏறியிருந்தாலும் ஊசியைத் துணியில் இறக்கி நிறுத்திவிட்டு எழ வேண்டும். குழாயடி வரை நடந்து, தண்ணீர் குடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து முறை குதிகாலை உயர்த்தி இறக்கிவிட்டு மறுபடி உட்காருவேன். மூன்று நிமிடம் ஆகும். முதல் வாரம் இது எரிச்சலாகவே இருந்தது, ஏனென்றால் வலி இல்லாதபோதே எழச் சொல்கிறது. ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. வலி வந்த பிறகு நிறுத்தி நிறுத்திப் பழகினால், வேலை என்றாலே வலி என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. வலி வருவதற்கு முன்பே நிறுத்தினால் உட்காருவது ஆபத்தில்லை என்று அது மெதுவாகக் கற்றுக்கொள்ளும். நல்ல நாளிலும் 20, மோசமான நாளிலும் 20. வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டுங்கள், ஒரு வாரம் ஒத்துவரவில்லையா, அந்த அளவிலேயே நில்லுங்கள். நான் 45 நிமிடத்தை எட்ட ஆறு மாதம் பிடித்தது.

நடப்பதற்கும் இதே கணக்குதான். ஐந்து நிமிடம்தான் முடியும் என்றால் ஐந்து நிமிடமே நடங்கள், ஆனால் தினமும் நடங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள், தெரு மேடுபள்ளமாக இருந்தால் மொட்டைமாடி போதும். எட்டு போட்டுத்தான் நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இடம் சிறிதாக இருந்து சுற்றிச் சுற்றி நடக்கிறீர்கள் என்றால் அவ்வப்போது திசையை மாற்றிக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு ரொம்பத் தெம்பு தந்தது. இடுப்பு வலி வந்து அப்போதுதான் தேறியிருந்த 701 பேரில் ஒரு பாதிக்கு பிசியோதெரபிஸ்ட் துணையோடு படிப்படியாக நடைப்பயிற்சி, ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள் தலா 30 நிமிடம் என்பது இலக்கு. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. வலி மறுபடி வர, நடந்தவர்களுக்கு 208 நாள் ஆனது, நடக்காதவர்களுக்கு 112 நாள். இரண்டும் இடைநிலைக் கணக்கு, அதாவது பாதிப் பேருக்கு அந்த நாளுக்குள் வலி திரும்பியது, மீதிப் பேருக்கு அதுவரை திரும்பவில்லை. காசு செலவில்லாத ஒரு விஷயத்துக்கு இது பெரிய பலன்.

நடக்கும்போது வலித்தால் நிறுத்த வேண்டுமா? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மார்க் போடுங்கள். நாலு வரை போனால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் வழக்கமான நிலைக்குத் திரும்பினால் அந்த அளவு உங்களுக்குச் சரி. திரும்பவில்லையா, கால் பங்கு குறையுங்கள். முழுசாக விட்டுவிடாதீர்கள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து வலுவுக்கான பயிற்சி. நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது எட்டு முறை. அப்புறம் பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் பதித்து, மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பை மெதுவாகத் தூக்கி, மனதுக்குள் ஐந்து எண்ணி இறக்குவது, அதுவும் எட்டு. தூக்கும்போது பின்தொடையும் பிட்டமும் இறுக வேண்டும், கழுத்து இறுகினால் ரொம்ப உயரம் போகிறீர்கள் என்று அர்த்தம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். கனம் தூக்குவதையும் மறுபடி பழக வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: முதலில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், பிறகு ஐந்து கிலோ அரிசிப் பை, பிறகு அரைக் குடம். கேஸ் சிலிண்டர் அந்த வரிசையில் வேண்டாம், உள்ளே இருக்கிற கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோவை நெருங்கும். சாய்த்து உருட்டிக்கொண்டு போங்கள்.

இடுப்பு பெல்ட் பற்றிக் கேட்பார்கள். நான் இரண்டு வருடம் கட்டினேன், கழற்றினாலே பயம் வந்ததுதான் மிச்சம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் வழக்கமான சிகிச்சையாக பெல்ட்டோ, எடை கட்டி இழுக்கிற ட்ராக்ஷனோ வேண்டாம் என்றுதான் சொல்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற வலி மாத்திரையும் கவனம்: மாதக்கணக்கில் தொடர்ந்தால் வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு, பிரஷர் ஏறுவது எல்லாம் வரக்கூடும். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒன்றுகூடப் போடாதீர்கள்.

தூக்கத்தை நான் ரொம்ப நாள் அலட்சியம் செய்தேன். தூங்காத இரவுக்கு மறுநாள் அதே குனிதல் இரண்டு மடங்கு வலிக்கும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழுவது, பகல் தூக்கத்தை அரை மணிக்குள் வைப்பது, ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பது, இந்த மூன்றும் எனக்கு உதவின. வெறும் தரையில் படுத்தால்தான் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். ஸ்பெயினில் 313 பேரை வைத்து 2003-இல் வெளியான ஆய்வில், ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. சாப்பாட்டில் மந்திரம் ஒன்றும் இல்லை, வீட்டுச் சாப்பாடு போதும், புகை பிடிப்பதை மட்டும் விடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் பேசுவதும் இதில் சேர்த்தி. "நீ ஒண்ணும் செய்யாதம்மா, சும்மா உட்காரு" என்று என் மகள் பாசத்தில்தான் சொல்வாள், ஆனால் எல்லா வேலையையும் பிடுங்கிவிட்டால் உடம்பு இன்னும் இறுகும், மனசும் ஒடுங்கும். "வாளியை மட்டும் நீ தூக்கு, மாவு நான் பிசைகிறேன்" என்று பிரித்துச் சொன்னேன். அதிலேயே வீட்டில் பாதிச் சண்டை நின்றது.

எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஒரு நாள் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் யோசிக்கத் தெம்பு இருக்காது, அதனால் முன்கூட்டியே எழுதி பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் எல்லா அளவும் பாதி. தரையில் படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலி மேல் வைத்துப் பத்து நிமிடம். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி கால் மணி நேரம் (சர்க்கரையால் மரத்துப்போகிற உடம்பாக இருந்தால் இது வேண்டாம், சுட்டதே தெரியாது). இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து வீட்டுக்குள்ளேயே நடை. மூன்றாம் நாள் பழைய அளவில் முக்கால், ஒரு வாரத்தில் முழுசு. கீழே பெரிய எழுத்தில் "போன தடவையும் சரியானது" என்று எழுதியிருக்கிறேன்.

தனியாகத் தொடங்கப் பயமாக இருந்தால், அரசு பெரிய மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, அங்கே கேளுங்கள். நடக்கவே முடியாமல் வீட்டோடு கிடப்பவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது; பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

எனக்குப் பெரிய சோதனை தீபாவளிக்கு முந்தின மாதம்தான். ஆர்டர் குவியும், மணியை அணைத்துவிட்டு ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று கை துடிக்கும். இரண்டு தீபாவளி அப்படிச் செய்து, பண்டிகையன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கக்கூட ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது பண்டிகைக்குப் பதினைந்து நாள் முன்பே புது ஆர்டரை நிறுத்திவிடுகிறேன். ஹூக் வைப்பதையும் ஹெம்மிங்கையும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கூலி கொடுத்துக் கொடுத்துவிடுகிறேன். போன் மணி மிஷினிலிருந்து எட்டாத தூரத்தில், ஜன்னல் திட்டில் இருக்கும். எழுந்து போனால்தான் அதை நிறுத்த முடியும்.